வாக்குரிமை வளர்ந்த வரலாறு

நாட்டை ஆள்வோர் யாவர்? இவ்வினாவை மூவேந்தர் காலத்து மக்களிடம் கேட்டிருந்தால், ‘மன்னர்’ என்று விடை கூறியிருப்பர். ஆங்கிலேயர் காலத்து மக்களிடம் கேட்டிருந்தால், ‘கவர்னர்’ என்று கூறியிருப்பர். இக்காலத்துப் பள்ளிச் சிறாரைக் கேட்டால், சற்றும் தயங்காது ‘நாமே’ என்பர். ‘நாம்’ என்பது ஈரெழுத்துச் சொல். ஆயினும், அச்சொல்லுள் யார் யார் அடங்குவர் என்பதை முடிவு செய்வதற்கே உலகம் பல நூற்றாண்டுகள் பாடுபட்டது. அவ்வரலாறே வாக்குரிமை வளர்ந்த வரலாறாகும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் 234. அவ்வரிசையில் முதல் எண்ணைத் தாங்கி நிற்பது கும்மிடிப்பூண்டி. தமிழ்நாட்டிலுள்ள நாடாளுமன்றத் தொகுதிகள் 39. அவ்வரிசையில் முதலாவது திருவள்ளூர். கும்மிடிப்பூண்டியும் அதனுள் அடங்கும். ஒருபால் நெல் விளையும் வயல்களும், ஒருபால் பழவேற்காட்டு ஏரியும், ஒருபால் இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைகளும் உடைய வட்டாரம் அது. தேர்தல் நாளில் அங்குள்ள பள்ளிக்கூடங்களின் முன்னே உழவரும் மீனவரும் தொழிலாளரும் வணிகரும் ஒரே வரிசையில் நிற்பர். ஆலையின் உரிமையாளருக்கும் ஒரு வாக்கே. அவ்வாலையின் உலைமுன் நின்று வியர்வை சிந்தும் தொழிலாளிக்கும் ஒரு வாக்கே. பல ஏக்கர் நிலம் உடையாருக்கும் ஒன்றே. ஒரு குழி நிலமும் இல்லாத கூலியாளுக்கும் ஒன்றே. இச்சமநிலை இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால், நூறு ஆண்டுகட்கு முன் அவ்வரிசையில் நிற்போருள் பெரும்பாலோர்க்கு வாக்கு இல்லை.

தமிழகத்தில் ஊராட்சி மிகப் பழையது. கயிற்றாற் கட்டிய குடத்தினின்று ஓலைகளை எடுக்கும் வழக்கம் சங்கநூலாகிய அகநானூற்றில் உவமையாக வந்துள்ளது. அவ்வழக்கத்தின் முழு விளக்கத்தையும் காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூரில் காணலாம். அவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுக்கள் உள்ளன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை எடுத்துரைக்கின்றன.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்குவர். உள்ளே இருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்வர். அதனை வாங்குவோர் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும்; ஓலையை மாற்றுதற்கு இடம் கொடாமையே அதன் நோக்கம். பின்னர் அப்பெயரை அனைவரும் கேட்கப் படிப்பர். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் ஆட்டை வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் ஓராண்டு பணிபுரிவர். முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கும், அவர்தம் உறவினருக்கும் பெயரெழுதும் உரிமை இல்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இல்லை. பதவி ஒரு கையிலேயே தங்கிவிடலாகாது என்பதையும், பொதுப் பணத்திற்குக் கணக்கு வேண்டும் என்பதையும் ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

எனினும், அக்கல்வெட்டை முழுமையாகப் படித்தல் வேண்டும். குடத்தில் இடப்பெறும் ஓலையில் யார் பெயரை எழுதலாம்? கால் வேலிக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் நிலம் உடையவராய் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராய் இருத்தல் வேண்டும். அகவை முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். வேதம் ஒன்றையும் அதன் உரை ஒன்றையும் கற்று வல்லவராயின், அரைக்கால் வேலி நிலம் போதும். உத்திரமேரூர் அந்தணர்க்கு வழங்கப்பெற்ற ஊர். ஆதலின், அச்சபை நிலமுடைய அந்தணரின் சபையாகவே இருந்தது. அந்நிலத்தை உழுதவர் பெயரும், ஏரிக்கு மண் சுமந்தவர் பெயரும், பெண்டிர் பெயரும் ஓலையில் ஏறவில்லை. மேலும், அது திருவுளச் சீட்டு முறை. பலர் கூடித் தம் விருப்பத்தை அறிவிக்கும் வாக்கு முறை அன்று. முன்னோரைக் குறை கூறுதற்கு இது சொல்லப்படவில்லை. உள்ளதை உள்ளவாறு உணர்தற்கே சொல்லப்படுகிறது. ‘வேலி’ என்பது நில அளவைக்கும் பெயர். பயிரைச் சூழ்ந்த அரணுக்கும் பெயர். உத்திரமேரூரில் நில அளவையாகிய வேலியே சபையைச் சூழ்ந்த வேலியாகவும் நின்றது.

இவ்வேலி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மக்கள் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று 1776ஆம் ஆண்டிலே உலகறியப் பறைசாற்றிய நாடு அமெரிக்கா. ஆயினும், அந்நாடு விடுதலை பெற்ற காலத்தில், அதன் மாநிலங்களுட் பெரும்பாலனவற்றில் நிலமோ பிற சொத்தோ உடையவரே வாக்களிக்க இயலும். சொத்து இல்லாதவன் பிறரை அண்டி வாழ்பவன். ஆதலின் அவன் வாக்கு அவனுடையதாகாது என்று அக்காலத் தலைவர் பலர் கருதினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை மாறியது. மேற்றிசையில் காடு திருத்திக் குடியேறிய மக்கள் புதிய மாநிலங்களை அமைத்தனர். அங்கே நிலப்பிரபுக்கள் என ஒரு பழங்குலம் இல்லை. ஆதலின், புதிய மாநிலங்கள் பலவும் சொத்துத் தகுதியை வற்புறுத்தவில்லை. அதனைக் கண்ட பழைய மாநிலங்களின் மக்களும் தமக்கு உரிமை வேண்டுமெனக் கிளர்ந்தனர். ஒன்றன்பின் ஒன்றாக மாநிலங்கள் சொத்துத் தகுதியை நீக்கின. 1824ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களித்தோர் நான்கு இலட்சத்திற்கும் குறைவு. 1828ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தோர் பதினொரு இலட்சத்திற்கும் மேல். நான்கே ஆண்டுகளில் மக்கள் வெள்ளம் மும்மடங்காகப் பெருகியது. எளிய குடியிற் பிறந்த ஆண்ட்ரூ ஜாக்சன் அத்தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரானார். பொதுமக்கள் காலம் பிறந்தது என்று பலர் மகிழ்ந்தனர்.

ஆனால், அப்பொதுமக்களுள் யாவர் அடங்கினர்? வெள்ளை நிறத்து ஆடவர் மட்டுமே அடங்கினர். கறுப்பு மக்களுட் பெரும்பாலோர் அடிமைகளாய் உழன்றனர். உரிமை பெற்றிருந்த சிலரும் அதனை இழந்தனர். நியூஜெர்சி மாநிலத்தில் சொத்துடைய பெண்டிரும், விடுதலை பெற்ற கறுப்பரும் வாக்களித்து வந்தனர். 1807இல் அவ்வுரிமை பறிக்கப்பட்டது. பென்சில்வேனியாவில் 1838இல் கறுப்பரின் வாக்குரிமை நீக்கப்பட்டது. ஜாக்சன் ஆட்சியில், 1830இல் இயற்றப்பட்ட சட்டத்தால், அந்நாட்டின் பழங்குடியினர் தம் தாய்நிலத்தினின்று வெளியேற்றப்பட்டனர். நிறத்தால் வாக்கு மறுக்கலாகாது என 1870இலும், பெண் என்பதால் மறுக்கலாகாது என 1920இலும் அரசியலமைப்புத் திருத்தப்பட்டது. அதன் பின்னரும் தென்மாநிலங்களில் கறுப்பர் பல சூழ்ச்சிகளால் தடுக்கப்பட்டனர். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டமே அத்தடைகளைப் பெரிதும் தகர்த்தது. ஒரு வேலி வீழும்போது மற்றொரு வேலி எழக்கூடும் என்பதை அமெரிக்க வரலாறு தெளிவுறுத்துகிறது.

இனி, நம் நாட்டின் நிலையை நோக்குவோம். 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. அனைவரும் அரசினரால் நியமிக்கப்பட்டவரே. 1892, 1909 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் தேர்தலுக்குச் சிறிதளவே வழிசெய்தன. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே மக்கள் நேரடியாக வாக்களிக்கும் பொதுத்தேர்தல் 1920இல் நடைபெற்றது. அன்று சென்னை மாகாணம் தமிழகம் மட்டுமன்றி, ஆந்திரப் பகுதியையும், மலையாள, கன்னட நாடுகளின் சில பகுதிகளையும் கொண்டிருந்தது. அதன் மக்கள்தொகை நான்கு கோடிக்கு மேல். வாக்குரிமை பெற்றவரோ ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சம். அஃதாவது, நூற்றுக்கு மூவர். நிலவரியோ நகராட்சி வரியோ குறித்த அளவு செலுத்துவோரும், அவர்போல் வசதி உடையோருமே அப்பட்டியலில் இடம்பெற்றனர். பொன்னேரியில் ஏர் ஓட்டியவரும், பழவேற்காட்டில் வலை வீசியவரும் அத்தேர்தலைத் தொலைவில் நின்று பார்த்தவரே.

அந்நாளில் பெண்டிர்க்கு வாக்கு இல்லை. 1917இல் சென்னை அடையாற்றில் இந்தியப் பெண்கள் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடுவின் தலைமையில் பெண்டிர் குழு ஒன்று அவரைக் கண்டு, ஆடவரைப் போலவே தமக்கும் வாக்குரிமை வேண்டுமென முறையிட்டது. ஆங்கில அரசு அதனை நேரே ஏற்கவில்லை. அந்தந்த மாகாணச் சட்டசபையே முடிவு செய்யட்டும் என விட்டுவிட்டது. 1921இல் சென்னைச் சட்டசபை பெண்டிர்க்கும் வாக்களிக்கும் உரிமையை வழங்கத் தீர்மானித்தது. இந்திய மாகாணங்களுள் இதில் முந்தி நின்றது சென்னையே. 1926இல் பெண்கள் சட்டசபை உறுப்பினராதற்கும் வழி திறந்தது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகி, அச்சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும், சொத்துத் தகுதி பெண்டிர்க்கும் உண்டு. சொத்துக்கள் பெரும்பாலும் ஆடவர் பெயரிலேயே இருந்தமையால், வாக்களித்த பெண்டிர் மிகச் சிலரே.

தாழ்த்தப்பட்டோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நிலமும் வரியும் வாக்கின் தகுதியாயின், நிலம் வைத்துக்கொள்ளவே வழியின்றி ஒடுக்கப்பட்டவர் எவ்வாறு வாக்காளர் ஆவர்? ஆதலின், அவர் சார்பில் பேசுவோர் நியமனத்தாலேயே சட்டசபைக்குள் வரவேண்டியிருந்தது. அவ்வாறு வந்தவருள் எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் குறிப்பிடத்தக்கவர். பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் எவரையும் தடுத்தலாகாது என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். தெருவில் நடக்கவும் தீர்மானம் வேண்டியிருந்த காலம் அது! 1928இல் சைமன் குழுவின்முன் சான்று கூறிய டாக்டர் அம்பேத்கர், வயது வந்த அனைவர்க்கும் வாக்குரிமை வழங்குக என வற்புறுத்தினார். கல்வி இல்லாதவர்க்கு வாக்கு எதற்கு எனக் கேட்டவர் அக்காலத்தில் பலர். கல்வியை மறுத்தவரே கல்லாமையைக் காரணங்காட்டி வாக்கையும் மறுப்பது எவ்வகையில் முறையாகும்?

1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் பட்டியலை விரிவாக்கியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கும் அது ஓரளவு இடம் தந்தது. 1937இல் மாகாணத் தேர்தல்கள் நடைபெற்றபோது, பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் வாக்குரிமை பெற்றவர் ஏறத்தாழ மூன்று கோடி. அது முன்னைய எண்ணிக்கையைக் காட்டிலும் மிகுதி. ஆயினும், வயது வந்தோருள் பெரும்பாலோர் அப்போதும் வெளியிலேயே நின்றனர்.

நாடு விடுதலை பெற்றது. அரசியல் நிருணய சபை கூடியது. அன்று நம் நாட்டில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் எழுத்தறியாதவர். மேலைநாடுகள் பலவும் படிப்படியாக, நூறாண்டுக்கு மேல் காத்திருந்து எய்திய உரிமையை, இந்நாடு ஒரே நாளில் வழங்குதல் தகுமோ எனப் பலர் ஐயுற்றனர். ஆயினும், அச்சபை மக்கள்மீது நம்பிக்கை வைத்தது. 1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு, இருபத்தொரு வயது நிரம்பிய குடிமக்கள் அனைவர்க்கும் வாக்குரிமை உண்டு என விதித்தது. நிலம் கேட்கவில்லை, வரி கேட்கவில்லை, ஏடு கேட்கவில்லை, சாதியும் சமயமும் கேட்கவில்லை, ஆண், பெண் என்றும் கேட்கவில்லை. உத்திரமேரூர்க் காலந்தொட்டு நின்ற வேலி அன்று வேரோடு பெயர்க்கப்பட்டது.

முதற் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடைபெற்றது. வாக்காளர் தொகை 17 கோடிக்கு மேல். எழுத்தறியாதவரும் தம் விருப்பத்தைப் பிழையின்றித் தெரிவிக்க வழி காணல் வேண்டும் அன்றோ? அதற்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டியின்மீது அவர்தம் சின்னம் ஒட்டப்பட்டது. வாக்காளர் தாம் விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் சீட்டை இட்டால் போதும். ஒருவரே இருமுறை வாக்களியாவண்ணம் விரலில் அழியா மை தீட்டப்பட்டது. இவ்வேற்பாடுகளையெல்லாம் முன்னின்று நடத்தியவர் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்.

அத்தேர்தலுக்குப் பட்டியல் எழுதச் சென்ற அலுவலர் ஒரு புதிய இடர்ப்பாட்டைக் கண்டனர். வட மாநிலங்கள் சிலவற்றில் பெண்டிர் பலர் தம் பெயரைக் கூற மறுத்தனர். ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய தாய்’ என்று மட்டுமே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். பிறர்க்குத் தம் பெயரைச் சொல்லுதல் அவர்தம் வழக்கமன்று. தேர்தல் ஆணையமோ, பெயரில்லாத வாக்காளர் இருத்தலாகாது என உறுதியாக நின்றது. அதனால், ஏறத்தாழ 28 இலட்சம் பெண்டிரின் பதிவுகள் பட்டியலினின்று நீக்கப்பட்டன. அச்செயல் கடுமையாகத் தோன்றலாம். ஆனால், பின்வந்த தேர்தல்களில் பெண்டிர் தத்தம் சொந்தப் பெயராலேயே பட்டியலில் ஏறினர். மனைவி, தாய் என அறியப்பட்டவரை வாக்குரிமை தனியொருவராக, ஒரு குடிமகளாக, எழுந்து நிற்கச் செய்தது.

சென்னை மாநிலத்தில் தேர்தல் 1952 சனவரியில் நிகழ்ந்தது. வாக்காளர் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம். மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றே குறைவு. 1920இல் நூற்றுக்கு மூவர் பெற்றிருந்த உரிமை, முப்பத்திரண்டு ஆண்டுகளில் வயது வந்த அனைவர்க்கும் உரியதாயிற்று. ஏர் பிடித்த கை முதன்முதலாக வாக்குச் சீட்டைப் பிடித்தது. பின்னர், அரசியலமைப்பின் 61ஆம் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்து, வாக்களிக்கும் வயதை இருபத்தொன்றினின்று பதினெட்டாகக் குறைத்தது.

பெற்ற உரிமை என்றும் நிலைக்கும் என்று இறுமாந்திருத்தலும் ஆகாது. அண்டை நாடாகிய இலங்கையில் 1931ஆம் ஆண்டிலேயே வயது வந்தோர் வாக்குரிமை வழங்கப்பட்டது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழருள் பலரும் அதனைப் பெற்றனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்தம் கட்சி ஏழு இடங்களில் வென்றது. ஆனால், 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தாலும், 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் அத்தொழிலாளருட் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்கையும் ஒருங்கே இழந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்யப் பல பத்தாண்டுகள் ஆயின. 2003ஆம் ஆண்டிலும் அதற்கெனச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பின்னர் இலங்கைப் போரினால் புலம்பெயர்ந்து வந்தோர்க்காகத் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்ட முகாம்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் உள்ளது. குடியுரிமை இன்றி வாழ்வோர்க்கே வாக்கின் அருமை நன்கு விளங்கும். நிழலின் அருமை வெயிலில் நிற்பவர்க்கன்றோ தெரியும்?

வாக்களிக்கும் உரிமை ஒரு படி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் தம் இருக்கையில் அமர்ந்து ஆளுதல் அடுத்த படி. முன்னாளில் நியமனத்தாலேயே சட்டசபையில் நுழைந்த மக்களுக்கு, இன்று தனித்தொகுதிகள் உள்ளன. திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் அவற்றுள் ஒன்றே. அங்கே பட்டியல் வகுப்பைச் சேர்ந்தவரே போட்டியிடலாம். வாக்களிப்போர் எல்லாச் சமூகத்தாரும் ஆவர். ஊராட்சிகளிலும் இம்முறை உண்டு. அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தழுவி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. பெண்டிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கப்பட்டது; 2016இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது.

சட்டம் கதவைத் திறந்தது. சில ஊர்களில் வழக்கம் அதனை அடைத்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலும் தாழ்த்தப்பட்டோர்க்கென 1996இல் ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் அவ்வூர்களில் முறையான ஊராட்சி நடைபெற இயலவில்லை. 2006ஆம் ஆண்டிலேதான் அங்குத் தேர்தல் நிறைவேறித் தலைவர்கள் பொறுப்பேற்றனர். மிக அண்மையிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆத்துப்பாக்கம் ஊராட்சியில், 2019 இறுதியில் நடந்த தேர்தலில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் தலைவரானார். 2020 ஆகஸ்டு 15ஆம் நாள், விடுதலைத் திருநாளில், பள்ளியில் அவர் கொடியேற்ற இயலாவண்ணம் தடுக்கப்பட்டார். செய்தி நாடெங்கும் பரவியது. ஆகஸ்டு 20ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் அவ்வூருக்கு வந்தார். அவர் முன்னிலையில் அவ்வம்மையார் தேசியக் கொடியை ஏற்றினார். கொடி ஐந்து நாள் காலந்தாழ்ந்து ஏறியது. ஆயினும், அதனை ஏற்றிய கை ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவரின் கையே. வாக்கு என்பது பெட்டியில் இட்டதோடு முடிவதன்று. அவ்வாக்கால் வந்தவரை மதித்து நடத்தலும் அதனுள் அடங்கும்.

தொழில் வளரும் ஊர்களுக்கு வேறொரு கடமையும் உண்டு. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பிற மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் வந்து உழைக்கின்றனர். ஒருவர் எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறாரோ, அங்கே வாக்காளராகப் பதியலாம் என்பது சட்டம். தேர்தல் நாளில், வாக்குரிமை உடைய தொழிலாளர்க்கு ஊதியத்துடன் விடுமுறை அளித்தல் வேண்டும் என்பதும் சட்டம். நாட்கூலி பெறுவோர்க்கும் இது பொருந்தும். கூலிக்கு அஞ்சி வாக்கைக் கைவிடும் நிலை எவர்க்கும் வரலாகாது என்பதே இதன் கருத்து. பழைய வேலி சொத்துடையாரை மட்டும் உள்ளே விட்டது. புதிய சட்டம், சொத்தில்லாதவர் தம் வறுமையால் வெளியே நின்றுவிடாமல் காக்கிறது. இதனை அறியாத தொழிலாளர் பலர் இருக்கக்கூடும். பெற்றோரும் உற்றாரும் ஆலைத் தொழில் செய்யும் மாணவர், இச்செய்தியை அவர்க்கு எடுத்துரைத்தல் நன்று.

வாக்குரிமையின் வளர்ச்சியை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நிலம், வரி, பால், சாதி, கல்வி என ஒவ்வொரு வேலியும் தானாகச் சாய்ந்ததில்லை. வெளியே நின்றவர் கேட்டனர். உள்ளே இருந்தவருள் நெஞ்சில் ஈரமுள்ளவர் அவர்க்குத் துணை நின்றனர். அதன் பின்னரே வேலி அகன்றது. அவ்வாறு அரும்பாடுபட்டுப் பெற்ற உரிமையை ஒரு நாட் சோம்பலுக்கும் ஒரு கைப் பணத்திற்கும் விட்டுக்கொடுத்தல், முன்னோர் உழைப்பைத் தெருவில் எறிதற்கு ஒப்பாகும்.

உத்திரமேரூர்க் குடத்தில் கைவிட்ட சிறுவன், தான் எடுப்பது இன்னார் பெயர் என அறியான். அறியாமையே அவனுக்குரிய தகுதி. இக்காலத்து வாக்காளர்க்கோ அறிவே தகுதி. வேட்பாளர் யார், அவர் முன்பு செய்தது யாது, பொதுப் பணத்திற்குக் கணக்குக் காட்டினாரா என்பவற்றை ஆராய்ந்தே வாக்களித்தல் வேண்டும். கணக்குக் காட்டாதவரை விலக்கிய கல்வெட்டின் கட்டளை இன்றும் பழுதுபடவில்லை. கிராமசபை கூடும் நாட்களில் ஊராட்சியின் வரவு செலவு படிக்கப்படும். அதனைக் கேட்கவும், ஐயம் வினவவும் வாக்காளர்க்கு உரிமை உண்டு. இன்று பள்ளியில் பயிலும் மாணவர், இன்னும் சில ஆண்டுகளில் பதினெட்டு வயதை அடைந்து, வாக்காளர் பட்டியலில் தம் பெயரைப் பதிவு செய்வர். ‘நாட்டை ஆள்வோர் யாவர்?’ என்னும் வினாவிற்கு அன்று அவர்கள் வாயால் விடை கூற வேண்டுவதில்லை. விரல் நுனியில் உள்ள மையே விடை கூறும்.